குப்பைமேட்டை மூடி இருபது வருடம் ஆயிற்று, கீழே என்ன மிச்சம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் ஊர் நகராட்சியின் பழைய குப்பைக்கிடங்கை மண் போட்டு மூடி இருபது வருடம் ஆகிறது. அங்கிருந்து 300 மீட்டரில் ஒரு மனை விலைக்கு வருகிறது. 'எல்லாம் மக்கி மண்ணாயிடுச்சு சார், கெமிக்கல் எல்லாம் பாக்டீரியாவே தின்னுடும்' என்கிறார் தரகர். போர் போட்டு அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?"

தரகர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் ஒரே வரியில் ஆமாம், இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை லேசுப்பட்டதல்ல. பல வருடமாக நிலத்தடி நீர் மாதிரி எடுத்துவரும் எனக்கு அந்த வேலையின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் "மக்கிப்போச்சு" என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு கதைகள் இருக்கின்றன. சோறு மக்குவது ஒரு கதை, செய்தித்தாள் மக்குவது இன்னொரு கதை. பெயின்ட் தின்னர் போகிற வழி வேறு, லேத் பட்டறையில் கிரீஸ் கழுவிய திரவம் போகிற வழி வேறு. சில பொருட்கள் பாதி வழியில் முன்பைவிட மோசமான ஒன்றாக மாறி, அங்கேயே நின்றுவிடும்.

சில வருடங்களுக்கு முன் இப்படி மூடிக் கிடந்த ஒரு மேட்டில் துளை போட்டோம். மேலே ஒரு மீட்டர் செம்மண், அதில் சீமைக்கருவேலம். அதற்குக் கீழே மை மாதிரிக் கறுத்த சேறு வந்தது, கூடவே அழுகிய முட்டை வாடை. சேற்றுக்குள் தேங்காய் மட்டை நார் நாராக அப்படியே இருந்தது. ஒரு பால் பாக்கெட்டைக் கழுவிப் பார்த்தால் மேலே அச்சடித்த கிழமையைக்கூட வாசிக்க முடிந்தது. சோறு, காய்கறி, வாழையிலை எதற்கும் சுவடே இல்லை. அந்தச் சேற்றில் ஒரு கைப்பிடியைத் தட்டில் பரப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது மேல்பக்கம் பழுப்பாகியிருந்தது, குச்சியால் கிளறினால் உள்ளே இன்னும் கறுப்பு. அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. காற்றுப் பட்டால் துருவாகிவிடும். அப்படியென்றால் அத்தனை வருடமும் அந்தச் சேற்றுக்குக் காற்று எட்டவே இல்லை. குப்பைமேட்டுக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. உள்ளே தீனி மலைபோல் கிடக்கிறது, மூச்சு விடத்தான் வழியில்லை.

லாரி கொட்டிய முதல் சில நாட்கள் மட்டும் குப்பையின் இடுக்குகளில் காற்று இருக்கும். அந்த ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியா வேகமாகத் தின்னும், குவியல் கொதிக்கும். காற்று தீர்ந்ததும் புளிப்புக் கட்டம் தொடங்கும். இட்லி மாவு புளிப்பதைப் போலத்தான், ஆனால் பல மடங்கு கடுமை. மாவுச்சத்தும் கொழுப்பும் புரதமும் அசெட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக உடையும். புதுக் குப்பையிலிருந்து குமட்டும் அந்த வாடையில் பாதி இந்த அமிலங்களுடையது. இந்த நிலையில் மழைநீர் குப்பைக்குள் இறங்கினால் வெளியே வருவது கரும்பழுப்புச் சாறு. துறையில் இதை லீச்சேட் என்போம், கசிவுநீர் என்று வைத்துக்கொள்வோம். இதன் சி.ஓ.டி., அதாவது இதிலுள்ள கழிவை முழுக்க எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்குப் பல பத்தாயிரம் மில்லிகிராம்வரை போகும். அமிலம் என்பதால் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு வரும்.

அதற்கடுத்து வருகிறவை மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள். இவை பாக்டீரியாகூட இல்லை, ஆர்க்கியா என்ற தனி வம்சம். மெதுவாக வளரும், புளிப்பு ஆகாது. கோபர் கேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கல்யாண வீட்டு மிச்சச் சோற்றையெல்லாம் ஒரே நாளில் கொட்டினால் தொட்டி புளித்துப்போய் கேஸ் நின்றுவிடும். குப்பைமேட்டிலும் அதே சிக்கல்தான். புளிப்பு அடங்கி இவை தலையெடுக்கச் சில மாதங்களிலிருந்து சில வருடங்கள்வரை ஆகும். தலையெடுத்துவிட்டால் அமிலத்தையெல்லாம் தின்று வாயுவாக்கிவிடும். அந்த வாயுவில் ஏறக்குறைய பாதிக்குமேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. கசிவுநீரின் புளிப்பு போகும், உலோகங்கள் சல்பைடாகி உள்ளேயே படியும். வெளியே வரும் சாறு டீ டிகாஷன் நிறத்துக்கு இறங்கும்.

இதற்கு எவ்வளவு காலம்? ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2006-இல் வெளியிட்ட கணக்கீட்டு வழிகாட்டியில் வேக எண்கள் இருக்கின்றன. மழையும் வெயிலும் சேர்ந்த வெப்பமண்டலத்தில் உணவுக் கழிவு பாதியாகக் குறைய இரண்டு வருடம்கூட ஆகாது. காகிதம் பாதியாகப் பத்து வருடம், மரக்கழிவுக்கு இருபது. அதே உணவுக் கழிவுக்குக் குளிரான, வறண்ட நாட்டில் பன்னிரண்டு வருடம் பிடிக்கும். உங்கள் ஊர்க் கணக்குக்கு வருவோம். இருபது வருடத்தில் சோறு போயே போய்விட்டது. காகிதத்தில் கால் பங்கும் மரத்தில் பாதியும் இன்னும் இருக்கும். இதுவும் மக்கக்கூடிய பகுதிக்கு மட்டுமான கணக்கு. மரத்தையும் மட்டையையும் விறைப்பாக வைத்திருக்கிற லிக்னின் என்ற பொருளைக் காற்றில்லாத இடத்தில் அனேகமாக எந்த உயிரும் உடைப்பதில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியல் அறிஞர் 1973-இல் குப்பை ஆய்வு தொடங்கி, பிறகு நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் உள்ளிட்ட கிடங்குகளைத் தோண்டினார். உள்ளே கிடைத்த பழைய செய்தித்தாள்களின் தேதியை வாசித்துத்தான் அந்தந்த அடுக்கின் வயதைச் சொன்னார்கள்.

மழை இல்லாவிட்டால் இந்த வேகமும் இல்லை. தண்ணீர் இல்லாத குப்பை பதப்படுத்தின குப்பை மாதிரி அப்படியே கிடக்கும். நம் பக்கம் நேரெதிர். ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டுகிற மழையில் மேடு நனைந்து ஊறி, அந்தச் சில வாரங்களில்தான் வருடத்தின் பெரும்பகுதிக் கசிவுநீர் இறங்கும். அடியில் பிளாஸ்டிக் விரிப்போ களிமண் படுக்கையோ இல்லாமல் வெறும் தரையில் கொட்டிய கிடங்குகளே நம்மிடம் அதிகம். உங்கள் ஊருடையதும் அப்படித்தான் இருக்கும்.

இனி மேட்டுக்கு வெளியே, தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் போர்வெல் சம்பந்தப்பட்டது இதுதான்.

கசிவுநீர் நிலத்தடி நீரில் கலந்ததும் அங்கிருக்கும் பாக்டீரியாவுக்குத் திடீரென்று விருந்து. சாப்பிட்டதை எரிக்க மூச்சு வேண்டும். இதைப் பந்திக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தி ஆக்சிஜனை மூச்சாகக் கொள்ளும் உயிர்களுக்கு. அது தீர்ந்தால் நைட்ரேட்டைச் சுவாசிப்பவை உட்காரும். அடுத்து மாங்கனீசு, பிறகு மண்துகளில் படிந்திருக்கும் துரு, அதாவது இரும்பு. அதன்பின் சல்பேட். ஒன்றுமே மிச்சமில்லாத கடைசிப் பந்தியில் மீத்தேன்காரர்கள். கிடங்கின் காலடியிலேயே கடைசிப் பந்தி நடந்துகொண்டிருக்கும். தள்ளிப் போகப்போக சல்பேட், இரும்பு, நைட்ரேட் என்று வரிசை திரும்பி, தூரத்து விளிம்பில் ஆக்சிஜன் இருக்கும். டென்மார்க்கின் கிரின்ட்ஸ்டெட் என்ற ஊரில் 1930 முதல் 1977 வரை இயங்கிய கிடங்கைச் சுற்றி விஞ்ஞானிகள் இந்த மண்டலங்களை மீட்டர் மீட்டராக வரைந்து காட்டினார்கள். ஒரு கெமிக்கல் அழியுமா இல்லையா என்பதை அந்தக் கெமிக்கலின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்தப் பந்தியில் மாட்டிக்கொண்டது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

டொலுவீனைப் பாருங்கள். தின்னரில் இருப்பது. இதைத் துருவைச் சுவாசித்துக்கொண்டே தின்னும் ஜியோபாக்டர் என்ற பாக்டீரியாவை 1987-இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டுபிடித்தார்கள். அதனால் காற்றே இல்லாவிட்டாலும் டொலுவீன் அழியும். அதன் நெருங்கிய உறவான பென்சீன் அப்படியல்ல. ஆக்சிஜன் இருந்தால் சுலபமாகப் போய்விடும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அசையாமல் நிற்கும். கிரின்ட்ஸ்டெட்டிலும் கிடங்கின் ஓரத்திலேயே பல சேர்மங்கள் மளமளவென்று குறைந்தன. பென்சீன் மட்டும் காற்றில்லாத பகுதியில் பிடிவாதமாக நின்றது. இரண்டும் பெட்ரோலில் இருப்பவை, புற்றுநோய் தருவது என்று உறுதியானது பென்சீன்தான்.

எனக்கு அதிகக் கவலை தருவது டிரைகுளோரோஎத்திலீன் வகை. உலோகப் பாகங்களில் கிரீஸ் எடுக்கப் பயன்பட்ட திரவம் இது. டிரை கிளீனிங்கில் பயன்படுவது இதன் அண்ணன். மூன்று குளோரின் அணுக்கள் உள்ள மூலக்கூறு. காற்றில்லாத இடத்தில் சில பாக்டீரியா இதைத் தின்பதில்லை, சுவாசிக்கின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குளோரின் கழலும். மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், கடைசியில் எத்திலீன் என்ற, ஆபத்து இல்லாத வாயு. முழுப் பாதையையும் கடக்கத் தெரிந்த டீஹாலோகாக்காய்டீஸ் என்ற உயிரைக் கழிவுநீர் நிலையத்துச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்ததை கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1997-இல் அறிவித்தார்கள். அந்த மூச்சுக்கு அதற்கு ஹைட்ரஜன் வேண்டும். குப்பை புளிக்கும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் ஒருவகையில் குப்பையே இந்தக் கெமிக்கலை அழிக்க உதவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட உயிர் அந்த இடத்தில் இல்லாவிட்டால், அல்லது ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டால், வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஒரே குளோரினோடு நிற்கும் கட்டத்தின் பெயர் வினைல் குளோரைடு. அமெரிக்கக் குடிநீர் விதியில் டிரைகுளோரோஎத்திலீனுக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரை அனுமதி, வினைல் குளோரைடுக்கு வெறும் 2. பரிசோதனை அறிக்கையில் முதல் கெமிக்கல் "இல்லை" என்று வந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது என்னவாக மாறியது என்று யாரும் தேடியிருக்கவில்லை.

சில பொருட்கள் எந்தப் பந்தியிலும் உட்காராதவை. ஒட்டாத வாணலி, எண்ணெய் ஊறாத காகிதப் பொட்டலம் போன்றவற்றில் வந்த ஃபுளோரின் சேர்மங்களான பீஃபாஸ் அப்படிப்பட்டவை. பாக்டீரியா அவற்றின் ஓரங்களைக் கடித்து இன்னும் உறுதியான சிறு வடிவமாக்கும், அவ்வளவுதான். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தனிமங்கள், அவற்றை உடைக்க எதுவும் இல்லை. சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும்வரை பெரிதாக நகராது. மேட்டைத் தோண்டிக் காற்றுப் பட வைத்தால் அந்தக் கட்டு தளரும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கில் செய்ததைப் போலப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்தெடுக்கும் பயோமைனிங் இப்போது பல ஊர்களில் நடக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் சலித்து வரும் பொடியைப் பார்ப்பதற்கு எரு மாதிரி இருக்கிறதே என்று சோதிக்காமல் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். உப்பும் உலோகமும் அதில்தான் தங்கும்.

யாரும் கொட்டாத விஷமும் ஒன்று உண்டு. பாக்டீரியா துருவைச் சுவாசிக்கும்போது, அந்தத் துருவில் ஆதியிலிருந்தே ஒட்டிக்கொண்டிருந்த ஆர்சனிக் விடுபட்டுத் தண்ணீரில் கரையும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கோக்லி என்ற கிடங்கைச் சுற்றி இப்படித்தான் நடந்தது. குப்பை செய்தது அங்கிருந்த காற்றைத் தீர்த்தது மட்டும். ஆர்சனிக் அந்த மண்ணுடையது.

கடைசியாக அமோனியா. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குப்பையில் போன மீன் கழிவு, பருப்பு, இறைச்சி எல்லாவற்றின் புரதமும் உடைந்து அமோனியாவாகும். காற்றில்லாத இடத்தில் அதைத் தின்ன அனேகமாக ஆளில்லை. மற்ற எல்லாம் குறைந்தபிறகும் பழைய கிடங்கின் சாற்றில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம், சில இடங்களில் ஆயிரத்துக்கு மேல் என்று பல பத்தாண்டுகள் நிற்கும். நம் குடிநீர்த் தர அளவு 0.5. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊர்க் குப்பைக்கிடங்கு இதற்கு நல்ல சாட்சி. 1922 முதல் 1985 வரை அடியில் விரிப்பு எதுவும் இல்லாமல் ஆற்று மணல்மேல் கொட்டினார்கள், பிறகு களிமண் போட்டு மூடினார்கள். 1990-களின் நடுவிலிருந்து அமெரிக்க நிலவியல் துறை அங்கே பல வருடம் ஆராய்ந்தது. நிலத்துக்கு அடியில் கசிவுநீர் கலந்த நீர்த்தாரை ஆற்றை நோக்கி இருநூறு மீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. சுத்திகரிப்பு அதன் மெல்லிய விளிம்புகளில்தான் சுறுசுறுப்பாக நடந்தது. மழைநீர் மேலிருந்து இறங்கிப் புது சல்பேட்டைக் கொண்டுவரும் இடம் அது. நடு வயிற்றில் பந்தி முடிந்து, அமோனியா மண்துகளில் ஒட்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கொசு விரட்டி மருந்தான டீட்கூட அந்தத் தண்ணீரில் இருந்தது. மூடிய கிடங்கை அமெரிக்காவில் 30 வருடம் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. நம் 2016 திடக்கழிவு விதிகள் கேட்டது குறைந்தது 15 வருடம். அமோனியாவின் ஆயுள் இரண்டையும் தாண்டும்.

இந்த இடத்தில் உங்கள் 300 மீட்டருக்கு வருகிறேன். நார்மன், கிரின்ட்ஸ்டெட் இரண்டும் மணல் பூமி. மணலில் தண்ணீர் ஊர்ந்து போகும், துகளோடு உரசும், பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் விரிசல் வழியே ஓடும். இருநூறு அடியில் ஒரு விரிசல் கிடங்குக்கு அடியிலிருந்து நேராக உங்கள் போருக்கு வந்தால் 300 மீட்டர் ஒரு தூரமே இல்லை. அப்படி விரிசல் இல்லாவிட்டால் நூறு மீட்டரில்கூட நல்ல தண்ணீர் வரலாம். பழைய கிடங்குகள் பல, கல் எடுத்த குவாரியிலோ ஏரி ஓரத்திலோ இருப்பவை. உங்கள் ஊருடையது எது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். கூடவே, அங்கே வீட்டுக் குப்பை மட்டும் போனதா, பட்டறைக் கழிவும் டிரம் டிரம்மாகப் போனதா என்றும் கேளுங்கள். என் கணக்கில் மனையின் விலையைவிட இந்த இரண்டாவது பதில் முக்கியம்.

வாயுவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1986 மார்ச் 24 அன்று இங்கிலாந்தின் லாஸ்கோ என்ற ஊரில், மூடிய கிடங்குக்கு அருகே ஒரு வீடு விடிகாலையில் வெடித்து நொறுங்கியது. உள்ளே இருந்த மூவரும் காயத்தோடு தப்பினார்கள். மேலே மூடியதால் மீத்தேன் பக்கவாட்டில் பாறை விரிசல் வழியே போய் வீட்டுக்கு அடியில் சேர்ந்திருக்கிறது. அன்று காற்றழுத்தம் சில மணி நேரத்தில் வேகமாகச் சரிந்ததும் அதை மண்ணிலிருந்து உறிஞ்சி வெளியே இழுத்திருக்கிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு தீப்பொறி போதும். உங்கள் மேட்டில் காகிதமும் மரமும் இன்னும் மக்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் அந்த மனையில் வீடு கட்டினால் தரைக்குக் கீழே அறை வேண்டாம். சம்ப்பைத் திறந்து கொஞ்சநேரம் காற்றாட விடாமல் யாரையும் இறக்காதீர்கள். போர் போடும்போது குழாய் அருகே பீடி பற்றவைக்க விடாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் பக்கத்து மனைகளில் ஏற்கெனவே இருக்கும் போரில் தண்ணீர் எடுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடியுங்கள். வரும்போது பளிங்கு மாதிரி இருந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பி அடியில் துரு படிந்தால், அந்தத் தண்ணீர் காற்றில்லாத இடத்திலிருந்து இரும்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இது மட்டும் வைத்துக் கிடங்கின் மேல் பழி போட முடியாது, இயற்கையாகவே இரும்புத் தண்ணீர் உண்டு. ஆய்வகத்தில் அமோனியா, குளோரைடு, காரத்தன்மை, மாங்கனீசு, சி.ஓ.டி., ஆர்சனிக் ஆகியவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். அமோனியாவும் காரத்தன்மையும் குளோரைடும் சேர்ந்து உயர்ந்து, நைட்ரேட் காணாமல் போயிருந்தால் கிடங்கின் சாறு வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன். பட்டறைக் கழிவு போனது தெரிந்தால் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான சோதனையும் வேண்டும். கொஞ்சம் செலவாகும். வினைல் குளோரைடும் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான மாதிரியை ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் அலமாரியில் வைத்தால் தேடுவது ஆவியாகிப் போயிருக்கும், அறிக்கை சுத்தம் என்று வரும்.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், உப்பும் ஆர்சனிக்கும் செறிவாகவே செய்யும். ஆர்.ஓ. மிஷின் உப்பையும் உலோகத்தையும் நன்றாகவே குறைக்கும். ஆனால் வினைல் குளோரைடு போன்ற சிறிய மூலக்கூறை நிறுத்த அதை நம்ப முடியாது. சோதனையில் தப்பித்தாலும் அந்தப் போரைத் துணி துவைக்க, செடிக்கு என்று வைத்துக்கொண்டு, குடிக்க நகராட்சிக் குழாயோ மழைநீர்த் தொட்டியோ வைத்துக்கொள்வதைத்தான் நான் சொல்வேன்.

ஒரே ஒரு மாதிரியோடு முடிவு எடுத்துவிடாதீர்கள். புரட்டாசி கடைசியில், மழை பிடிக்கும் முன் ஒன்று. மேடு ஊறி இறங்கியபின், தை மாதத்தில் அதே போரில் இன்னொன்று. இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.